வாறப்ப சோத்தாங்கை

எங்கள் ஊர் பூசணியூத்தில் மொட்டைக்கரடு என்கிற பாறைக் குன்று இடம் மாறத் தொடங்கியது, தங்கமுடி வெல்டிங் வேலைக்காக முதன்முதலில் துபாய்க்குப் பறந்த அன்றைக்குத்தான். மதுரையில் கிளம்பி மேற்கே போகிற விமானம் எங்கள் ஊருக்கு நேர் மேலாகப் போகும், ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நேர் மேலாக, ஒரு சாண்கூட இப்படி அப்படி விலகாமல் போகும். அதனால் இந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கும் எங்கள் ஊர் தெரியாது, அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கும் தெரியாது, ஒன்றுக்கும் உதவாத பக்கத்து ஊர்களெல்லாம் பளிச்சென்று தெரியும். தங்கமுடி வலப்பக்க ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, ஊரில் ஏதாவது ஒன்று, ஒரு கழுதையாவது கண்ணில் படாதா என்று தேடியிருக்கிறான். ஊர் உண்டாவதற்கு முன்பிருந்தே தெற்கே உட்கார்ந்திருந்த மொட்டைக்கரடு, மாடு எழுந்திருப்பது போல முதலில் பின்புறத்தைத் தூக்கி, பிறகு முன்புறத்தைத் தூக்கி, உச்சியிலிருக்கிற முருகன் கோயில் விளக்குகூட அணையாமல், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய், அங்கே கிடந்த பொட்டலில் உட்கார்ந்து அவன் கண்ணுக்குக் காட்சி கொடுத்தது.

பொட்டலில் சோலைமணி ஒரு வைக்கோல் படப்பு போட்டு, அதன் மேல் தன் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தான். இரண்டும் கரட்டுக்கு அடியில் போயின. பின்னால் கரடு நகர்ந்தபோது சைக்கிள் கிடைக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சுருட்டித்தான் வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது.

நாங்கள் ஆச்சரியப்பட்டோமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆச்சரியப்பட எங்கே நேரம் இருந்தது? கரட்டோடு அதன் குரங்குகளும் வடக்கே வந்துவிட்டன. அதுவரை தெற்குத்தெருக்காரர்கள் மட்டும் அனுபவித்து வந்த குரங்குத் தொல்லை ஒரே சாயங்காலத்தில் வடக்குத்தெருவுக்கு மாறி, காயப்போட்ட வடகம், மிளகாய், கேபிள் வயர் எல்லாம் போய்விட்டன. தெற்குத்தெருக்காரர்கள் பல வருடங்களுக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டார்கள், அதைப் பார்த்து வடக்குத்தெருவுக்கு வயிறெரிந்தது. பூசாரி வழக்கம்போலக் காலையில் குடத்தோடு தெற்கே போய், படிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் காலைத் தூக்கி வைத்து விழுந்து, முருகனைப் பற்றி இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வடக்கே நடந்தார். கிராம அதிகாரி வந்து பார்த்தார். அரசாங்கக் கணக்கில் கரடு தெற்கேதான் இருக்கிறது, ஆகவே வடக்கே எதுவும் இருப்பதாகத் தான் பார்க்கவில்லை என்று சொன்னார். கரட்டு நிழலில் நின்றுதான் சொன்னார், வெயில் அப்படி.

தங்கமுடி கையில் காசோடு திரும்பி வந்தபோது, ராசியான பக்கம் என்று மறுபடியும் வலப்பக்க ஜன்னலிலேயே உட்கார்ந்து வந்தான். கரடு எழுந்து தெற்கே போனது. அப்போதுதான் நெட் சென்டர் வைத்திருக்கும் குபேந்திரனுக்கு விஷயம் பிடிபட்டது. ஊருக்கே டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் அவன்தான். நடுத்தெருவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு விமானமாக மேற்கே நடந்து காட்டினான், திரும்பிக் கிழக்கே நடந்து காட்டினான்; போகும்போது வடக்கே நீட்டிய கை வரும்போது தெற்கே நீட்டுகிறது, நம் ஊர்க்காரன் எந்த ஜன்னலில் இருக்கிறானோ அந்தப் பக்கம்தான் கரடு போகிறது என்று விளக்கினான். இரண்டு மூன்று தடவை நடந்த பிறகு எங்களுக்குப் புரிந்தது. பூசாரிக்கு இன்றுவரை புரியவில்லை.

அதன்பிறகு ஊரில் ஜன்னல் சீட்டைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது. டீக்கடையில் ஒருவன் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே போதும், விமானத்தின் நிழலில்கூட நின்றிராதவர்கள் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொண்டு, இறக்கைக்கு முன்னால் உட்காரு, இறக்கை மேல் உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும், கடைசியில் உட்கார்ந்தால் கக்கூஸ் வாசம்தான் தெரியும், சூரியன் அடிக்கிற பக்கம் உட்கார்ந்தால் கண்தான் கூசும் என்று ஆளுக்கொரு பக்கம் அறிவுரை சொல்வார்கள். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஒருத்தன் சொன்ன பேச்சுக் கேட்காமல் இறக்கை மேல் உட்கார்ந்து போனான். இறக்கை மறைக்காத இடமாகப் பார்த்துப் போன கரடு பக்கத்து ஊர் எல்லைக்குள் நுழைந்து அவர்கள் கண்மாயில் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் கரட்டுக்கு மாலை போட்டு, பொங்கல் வைத்து, இனி இது எங்கள் கரடு என்று போர்டும் வைத்தார்கள், அவன் லீவில் திரும்பி வரும்வரை நாங்கள் மானம் போய் நின்றோம். இன்னொருத்தன் ஜன்னல் சீட்டு என்று கேட்டு வாங்கியும், அந்த வரிசையில் மட்டும் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருந்திருக்கிறது. கரடு எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் பாதியும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பாதியுமாக நின்று தவித்து, சாயங்காலம் தானாகவே போய்ப் படுத்தது. ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கிப்போனவர்களும் உண்டு. அப்போதெல்லாம் கரடு கோபித்துக்கொண்டு காற்றை மறித்துவிடும், ஊர் முழுக்கப் புழுங்கிச் சாகும், அவன் பெண்டாட்டியை ஊரே திட்டும்.

கரடு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் இரண்டு தெருவுக்கும் அடிதடி வரைக்கும் போனது. அதைத் தீர்த்து வைத்தவன் தங்கமுடி. அவன் அதற்குள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காரோடு மனை விற்கிற தொழிலுக்கு வந்திருந்தான். கரடு பிறந்த இடம் தெற்கு, அது அங்கேயே இருப்பதுதான் முறை, குரங்கோடு பழகியவர்களும் தெற்குத்தெருக்காரர்கள்தான் என்று நியாயம் பேசி, தெற்குத்தெருவுக்குக் கம்பிவலை போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தான். சமாதானம் ஆன மறுவாரமே வடக்குப் பொட்டலில் கல் ஊன்றி, கொடி கட்டி, ‘ஹில் வியூ கார்டன்’ என்று வளைவு வைத்தான். கரடு தெற்கே இருந்தால் அங்கிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வடக்கே வந்தால் பார்க்க ஆளே இருக்கமாட்டார்கள் என்பதை அவன் விளம்பரத்தில் போடவில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது. குபேந்திரன் அதை ஏ, எஃப் என்று சீட்டு எழுத்தில் சொல்லிப் பார்த்தான், யாருக்கும் மனதில் நிற்கவில்லை. இடது, வலது என்றால் அவசரத்தில் குழம்பிவிடுகிறது. கடைசியில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி, ‘போறப்ப பீச்சாங்கை, வாறப்ப சோத்தாங்கை’ என்று முடிவானது. சாப்பிடுகிற கை எது, கழுவுகிற கை எது என்று யாருக்காவது குழப்பம் வருமா? சின்னப்பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் நொண்டி விளையாடினார்கள், ஊர்க்காரர்கள் அதைச் சொல்லித்தான் விமானம் ஏறினார்கள், கரடும் தெற்கே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் சோலைமணி பொட்டலில் மனை வாங்கினான். மற்றவர்கள் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருத்தன்தான் வீடு கட்டினான். கட்டியது அவன், கட்ட வைத்தது துபாயில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்து பர்தாவும் பள்ளிக்கூட யூனிபார்மும் தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி முத்திருளாயி. அவள் ஏஜென்ட் கொடுத்த டிக்கெட்டில் கொச்சி வழியாகப் போனவள், எங்கள் ஊர் வானத்தில் அவள் பறந்ததே இல்லை. போனவள் லீவுக்குக்கூட வரவில்லை; லீவுக்கு வந்தால் ஒரு ஜன்னல் குறையும், ஒரு கதவு குறையும் என்று வீடு முடியட்டும் முடியட்டும் என்றே இருந்துவிட்டாள். அஸ்திவாரம் போட்டபோது போனில் பார்த்தாள், நிலை வைத்தபோது போனில் பார்த்தாள், தளம் போட்டபோதும் போனில்தான் பார்த்தாள். போனில் வீடு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதனால் பால் காய்ச்சுகிற அன்றைக்கே வருகிற மாதிரி டிக்கெட் போட்டதும் அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மேலே இருந்து வரும்போது வீடு தெரியுமா?

சோலைமணி உண்மையைச் சொன்னான். வீடு இருப்பது வடக்கே, ஊர்க்கட்டுப்பாட்டின்படி அவள் உட்காரவேண்டியது தெற்குப் பக்கம், ஆகவே கரடு தெரியும், வீடு தெரியாது. கரட்டைப் பார்க்கவா இத்தனை வருசம் தைத்தேன் என்று முத்திருளாயி கேட்டாள். வீடு வேண்டுமா, வீட்டைப் பார்க்கவேண்டுமா என்று அவன் கேட்டான். இரண்டும் வேண்டும் என்று சொல்ல ஆசைதான் அவளுக்கு, ஆனாலும் சரி என்று போனை வைத்துவிட்டாள்.

இங்கே முத்திருளாயியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் இடது கையால் சாப்பிடுகிறவள். சின்ன வயதில் அவள் அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள், சூடு போடுவேன் என்று கரண்டியைக் காய்ச்சிக் காட்டியும் பார்த்தாள். வேப்பெண்ணெய்ச் சோற்றையே அந்தக் கையால் சாப்பிட்டு முடித்து மகள் கை கழுவப் போனதைப் பார்த்துவிட்டு அம்மா விட்டுவிட்டாள். விருந்துகளில் அவளைப் பந்திக் கடைசியில் உட்காரவைப்பார்கள். அவளுக்கு அந்தக் கைதான் சோத்தாங்கை, வேறு எதுவும் அவளுக்குச் சோத்தாங்கையாக இருந்ததே இல்லை. ஊர்க்கட்டுப்பாடு போட்டபோது அவள் ஊரில் இல்லை, அவளைப் பற்றி யாருக்கும் ஞாபகமும் வரவில்லை.

வழக்கமாகக் குபேந்திரனே சீட்டைத் தேர்ந்து கொடுத்துவிடுவான். இறக்கைக்கு முன்னால், தெற்குப் பக்கத்தில், கண்ணாடி கீறல் இல்லாத நல்ல ஜன்னலாகத்தான் அவளுக்கும் எடுத்து வைத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து விமானத்தை மாற்றிவிட்டார்கள், போட்ட சீட்டெல்லாம் கலைந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்க, முத்திருளாயி ஊருக்குப் போன் போட்டாள். சோலைமணி அப்போது பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "வாறப்ப சோத்தாங்கை, மறந்துராத, சோத்தாங்கைப் பக்கம்" என்றான். அவள் தெரியும் என்று சொல்லி, தான் சாப்பிடுகிற கையைக் கவுண்டர் பெண்ணிடம் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் இடப்பக்கத்தில், இறக்கைக்கு முன்னால், ஜன்னல் சீட்டு கொடுத்தாள்.

அவள் இறங்கி, பெட்டி வந்து, கார் பிடித்து ஊர் சேர்வதற்குள் ராகு காலம் பிறந்துவிடும். அதனால் விமானம் தலைக்கு மேலே போகும்போதே அவளும் ஊர் எல்லைக்குள் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பால் காய்ச்சிவிடலாம், மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, எல்லை எல்லைதான் என்று பூசாரி வழி சொன்னார். ஊரே புது வீட்டில் கூடியிருந்தது. அடுப்பில் பால் இருந்தது. பின்கட்டில் சோறு வெந்துகொண்டிருந்தது. சோலைமணி மட்டும் மொட்டைமாடியில், மனைவியின் மஞ்சள் புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரியாது என்று நீதானே சொன்னாய், பின்னே எதற்குப் புடவை என்று பின்னால் நாங்கள் கேட்டதற்கு, சும்மாதான் என்றான்.

விமானச் சத்தம் கேட்டது, பால் பொங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள், குலவை முடிவதற்குள் தெற்கே குரங்குகள் கத்தின. கரடு பின்புறத்தைத் தூக்குவதை முதலில் பார்த்தவன் தங்கமுடி. அவன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டான். பிறகு எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் ஓடினோம், பால் பானையை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடினாள், சாமி படத்தை ஒருத்தன் தூக்கிக்கொண்டு ஓடினான், சோற்று அண்டாவை நான்கு பேர் இறக்கிக்கொண்டு ஓடினார்கள், எங்கள் ஊரில் எந்த ஆபத்திலும் சோற்றை விடமாட்டார்கள். குபேந்திரன் கைகளை விரித்துக் கிழக்கே இரண்டடி நடந்து, தன் கையையே பார்த்து, கணக்கு சரிதானே, கணக்கு சரிதானே என்று முனகிக்கொண்டிருந்தான். சோலைமணியை இறங்கச் சொல்லிக் கத்தினோம். அவனுக்குக் காது கேட்கவில்லை. மாடியில் நின்று வானத்தைப் பார்த்து, கரட்டைப் பார்த்து, பிறகு தன் வலது கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

மேலே முத்திருளாயி வீட்டைப் பார்த்துவிட்டாள். பொட்டலில் தனியாக, நீலப் பெயிண்டில், மாடியில் மஞ்சள் புடவையோடு நின்றது வீடு. போனில் பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு ஜன்னலாக எண்ணிப் பார்த்து, எல்லா ஜன்னலும் இருக்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கரடு வருவதைக் கண்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர் பின்னால் எல்லோரிடமும் சொன்னது இது: அந்த அம்மா அழவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் சொல்வானே அதேபோல, "வா, வா, மெல்ல வா, வீடு இருக்கு, பாத்து, ஆளும் இருக்கு, ஒடிச்சுக்க, ஒடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

கரடு வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. எங்கள் கரடு இப்படி நின்று யோசித்ததை நாங்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஜன்னலில் இருப்பவளுக்குக் காட்சி கொடுக்கத்தான் அது வந்தது, அவளோ வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டின் மேல் உட்கார்ந்தால் அவள் பார்க்க வந்தது போய்விடும், உட்காராமல் போனால் அது வந்ததற்கே அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, தலையைத் தாழ்த்தி, தங்கமுடியின் கல்லையும் கொடியையும் வளைவையும் நசுக்கிக்கொண்டு, மண்ணுக்குள் தோளை விட்டு, வீட்டுக்கு அடியில் புகுந்து, தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு ஏற்றுகிற மாதிரி வீட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. முருகன் கோயிலுக்குப் பக்கத்து வீடாகிவிட்டது அது. வாசலில் கட்டிய வாழைமரம்கூடச் சாயவில்லை. விமானம் கிழக்கே போய் மறைந்தது.

முத்திருளாயி காரில் வந்து இறங்கியபோது ஊரே அடிவாரத்தில் நின்றது. நலம் விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்று குபேந்திரன்தான் கேட்டான். சோத்தாங்கைப் பக்கம்தான் என்று அவள் இடது கையைத் தூக்கினாள். தங்கமுடி தலையில் அடித்துக்கொண்டான், தெற்குத்தெருக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அபராதம் என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்போது சோலைமணி புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"அவ மேல தப்பு இல்ல. அவ எந்தக் கையில சாப்புடுவான்னு நாந்தான் மறந்துட்டேன்."

முத்திருளாயி வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"மறந்துட்டீகளா?"

ஊரே நிற்கிறது, வீடு மலை உச்சியில் நிற்கிறது, அவளுக்கு இது ஒன்றுதான் வலித்தது. புருஷன் பெண்டாட்டி முன்னும் பின்னுமாகப் படியேறினார்கள். அண்டாவை மறுபடி நான்கு பேர் சுமந்து ஏற்றினார்கள். மேலே வீடு கச்சிதமாக இருந்தது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஊர் தெரிந்தது, கண்மாய் தெரிந்தது, கிழக்கே மதுரை வரைக்கும் தெரிந்தது, குழாயில் தண்ணீர் மட்டும் வரவில்லை. குரங்குகள் ஏற்கெனவே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டு இலை போட்டார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்ததும் அவள் இடது முழங்கை அவன் வலது முழங்கையில் இடித்து, இரண்டு பேர் கையிலிருந்த சோறும் சிதறியது. சோலைமணி அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு எழுந்து, தன் இலையைச் சாம்பாரோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அவளுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தான். கல்யாணம் ஆன புதிதில் அவன் உட்கார்ந்த பக்கம் அதுதான்.

தங்கமுடியும் குபேந்திரனும் மூச்சு வாங்க மேலே வந்தது அப்போதுதான். அவள் லீவு முடிந்து போகிற தேதிக்கு இப்போதே சீட்டு எடுத்துவிட்டதாகக் குபேந்திரன் சொன்னான், இறக்கைக்கு முன்னால், வெயில் அடிக்காத பக்கம், ஊரிலேயே யாருக்கும் கிடைக்காத ஜன்னல், போனில் படமே இருக்கிறது பார் அக்கா, அதில் உட்கார்ந்து நீ ஒரு தடவை போனால் போதும், கரடு தெற்கே போய்விடும், தங்கமுடி அண்ணன் பிழைத்துக்கொள்வார், உன் வீட்டையும் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று கெஞ்சினான்.

முத்திருளாயி அந்தப் படத்தைப் பார்க்காமல் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். "அந்தச் சீட்ட வேற யாருக்காச்சும் குடுங்க தம்பி" என்றாள். "நான் போனா இந்த மனுசன் மறுபடி மறந்துருவாரு."